தூர்வாரிய ஏரிக்குப் பொறுப்பாளி யார்? தமிழ்நாட்டில் நீர்நிலை மீட்பும் உள்ளாட்சியும்

2017 மார்ச் மாதம் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. மக்கள் பங்கேற்பின் மறுபிறப்பாக அது பேசப்பட்டது. ஆனால் அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் ஒன்றுகூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2019 டிசம்பர்வரை தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். நீர்நிலை மீட்புத் திட்டங்களின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மண்ணை அள்ள நிதி கிடைக்கிறது. அள்ளிய பிறகு ஏரியை யார் ஆள்வது என்ற கேள்விக்கு விடை தரப்படுவதில்லை.

தமிழ்நாட்டின் ஏரி, கண்மாய், குளங்கள் 39,000-க்கும் அதிகம். ஆயக்கட்டு சுமார் 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையின் வழிவந்த நீர்வளத் துறையிடமும், சிறியவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. மீட்பு முயற்சியும் புதிதன்று. சென்னை மாகாணத்தில் 1883-இலேயே ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரி நவீனமயமாக்கல் வந்தது; 2007-இல் உலக வங்கிக் கடனோடு இன்னொரு பெருந்திட்டம் வந்தது. கரை உயர்த்தப்பட்டது, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. சில பருவங்களில் சீமைக் கருவேலம் மீண்டும் உள்வாயில் ஏறியது, வரத்துக் கால்வாய் மீண்டும் தூர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் மீட்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பழைய ஊர்நிர்வாகத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்பார் உண்டு. அந்த நிர்வாகத்தில் பெரும் அறிவு இருந்தது உண்மை. மதகருகே நிற்கும் நீர்க்கட்டியை நினைத்துப் பார்க்கலாம். ஏரி நிறைந்த ஆண்டில் அவருக்குப் பெரிய வேலை இல்லை. பாதி நிறைந்த ஆண்டில்தான் அவரது கணக்கு தொடங்கும். தூம்பின் அடைப்பை எவ்வளவு உயர்த்துவது, தலைமடைக்கு எத்தனை நாழிகை, கடைமடையில் கதிர் வாங்கும் வயலுக்கு எப்போது, இரவுத் தண்ணீர் யாருக்கு என்பதையெல்லாம் அவரே முறைவைத்துப் பாய்ச்சினார். அறுவடையின்போது களத்துமேட்டில் அவருக்கு நெல் அளந்தார்கள். எந்தப் பொறியாளரின் வரைபடத்திலும் இல்லாத அறிவு அது.

ஆனால் அந்த நீர்க்கட்டி பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். தண்ணீரைப் பங்கிட்ட அவருக்குப் பெரும்பாலும் அத்தண்ணீரில் பங்கில்லை. ஊர்கூடிச் செய்த மராமத்தும் எல்லோரும் மனமுவந்து செய்ததாகக் கொள்ள முடியாது. 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி ஆள் தராதவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல இருமடங்கு வசூலிக்க இடமளித்தது. ஆகவே பழமையை மீட்பது வழியாகாது.

புதிய ஏற்பாடான பாசன சங்கமும் குறையுடையதே. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நிலம் உடையவரை மையமாகக் கொண்டது. ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், மண்பாண்டத்துக்குக் களிமண் எடுப்பவர், கரையில் துணி துவைக்கும் பெண்கள் ஆகியோருக்கும் ஏரி பிழைப்பிடந்தான். நிலமில்லாத அவர்களுக்கு வாக்கு உள்ள ஒரே மன்றம் கிராம சபை. அரசமைப்பின் 11-ஆம் அட்டவணையில் மூன்றாவது இனமாகவே சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தில் இடம் இருந்தும் நிதியும் அதிகாரமும் துறையைவிட்டு இறங்கவில்லை.

நகரத்திலும் இதே கதைதான். 2013 கோடையில் கோவை உக்கடம் பெரியகுளம் வறண்டபோது தன்னார்வலர்களும் மாநகராட்சியும் சேர்ந்து தூர்வாரினார்கள். ஊரே குளத்தில் இறங்கிய அந்த முயற்சி இன்றும் பெருமையோடு நினைக்கத்தக்கது. 2016 ஜனவரியில் சீர்மிகு நகரங்கள் திட்டத்தின் முதல் பட்டியலில் கோவை இடம்பெற்ற பிறகு, பொறுப்பு ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதிப் பங்கு வைத்து, நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு அது. குளக்கரைகளில் நடைபாதையும் பூங்காவும் வந்தன. மாலையில் குடும்பங்கள் திரண்டு வருகின்றன. இது உண்மையான நன்மை. எனினும் கரையில் குடியிருந்தோர் நகரின் புறத்தே குடியமர்த்தப்பட்டார்கள். குளத்தில் கழிவுநீர் கலப்பதும் தீரவில்லை. இவற்றைக் கேட்க வேண்டிய மாமன்றமே 2016 முதல் 2022 வரை இல்லை. கரையின் அழகுக்குக் கொடுத்த கவனம் சாக்கடைக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். வார்டு உறுப்பினரிடம் மக்கள் முதலில் முறையிடுவது சாக்கடையைப் பற்றித்தான்.

உள்ளாட்சியிலும் சாதி ஆதிக்கமும் ஒப்பந்ததாரர் பிடியும் உண்டு என்ற எதிர்வாதத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு, தணிக்கை உண்டு, ஐந்தாண்டுக்கொரு முறை பதவியிழக்கும் அச்சமும் உண்டு. துறைக்கோ நிறுவனத்துக்கோ அந்த அச்சம் இல்லை.

செய்ய வேண்டியவை எட்டாதவை அல்ல. மீட்பு நிதியோடு பராமரிப்பு நிதியையும் சேர்த்து ஒதுக்கி ஊராட்சியிடம் தரலாம். மீன்பாசிக் குத்தகை வருவாயை அந்த ஏரிக்கே செலவிடலாம். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் பாசன சங்கம் கணக்கு வைக்கலாம். நீர்க்கட்டிக்கு ஊராட்சியே மாதச் சம்பளம் தரலாம். நகரங்களில் குளங்களின் பராமரிப்புக் கணக்கு பகுதி சபையின் முன் வரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மன்றம் என்ற ஒன்று இருக்க வேண்டும். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் ஆணை. ஆயினும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.