பொய்க்கு இடம் கொடுத்த கூடம்

சீட்டுக்கட்டைக் கண்டால் நம் பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும். அதில் தப்பில்லை. தருமபுத்திரர் நாட்டையும் தம்பிமாரையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருவள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி எச்சரித்திருக்கிறார். ஆகையால் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் சீட்டாட்டங்களுக்குள்ளே மிகவும் கெட்ட பெயர் எடுத்த ஒரு வகை உண்டு. கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பதுபோலப் பாவனை செய்து, நல்ல சீட்டு வைத்திருப்பவனைப் பயமுறுத்திக் கீழே போட வைக்கிற ஆட்டம். இந்த வித்தையை 'பிளஃப்' என்பார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தைத் தாயை இழந்த குழந்தைகள் நிறைந்த ஒரு வீட்டில் ஆடினார்கள். அதைப்பற்றி ஒரு பெரிய நாவலாசிரியை தம் அக்காவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அதைப் படித்த பிறகு இந்த ஆட்டத்தின்மீது எனக்கு ஒரு மரியாதையே பிறந்துவிட்டது.

அந்த நாவலாசிரியை ஜேன் ஆஸ்டன். 1808-ம் வருஷத்து அக்டோபரில் அவருக்கு வயது 32. அவர் எழுதிய புத்தகம் ஒன்றுகூட அதுவரை வெளிவரவில்லை. 1803-ல் ஒரு கையெழுத்துப் பிரதியை 10 பவுனுக்கு வாங்கிக்கொண்ட பதிப்பாளர் அதை அச்சேற்றாமலே வைத்திருந்தார். தகப்பனார் 1805-ல் காலமாகிவிட்டார். தாயாரோடும் அக்கா கஸாண்ட்ராவோடும் சௌதாம்ப்டன் நகரில், காஸில் ஸ்கொயர் என்ற இடத்தில் வாசம். குடும்பச் செலவுக்குச் சகோதரர்கள் கைகொடுத்து வந்தார்கள். கை எவ்வளவு நெருக்கடியாயிருந்தது என்பதற்கு ஒரு சீட்டாட்டமே சாட்சி சொல்கிறது. அந்த மாதத்தில் ஒரு நாள் மாலை தெரிந்தவர்களோடு 'காமர்ஸ்' என்ற ஆட்டம் ஆடினாராம். பந்தயம் 3 ஷில்லிங். ஒரே மாலையில் அதை இரண்டு தரம் தோற்கத் தமக்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு சுற்றோடு எழுந்துவிட்டதாக அக்காவுக்கு எழுதுகிறார்.

அக்கா அப்போது கென்ட் பகுதியில் காட்மர்ஷம் என்னும் ஊரில் இருந்தாள். அங்கே அவர்களுடைய சகோதரர் எட்வர்டுக்குப் பெரிய மாளிகையும் நிலபுலனும் உண்டு. அண்ணி எலிஸபெத்தின் பிரசவத்துக்கு உதவியாகப் போயிருந்தாள். பதினோராவது குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள், அக்டோபர் 10-ந் தேதி, அந்த அண்ணி இறந்துபோனாள். மூத்த பிள்ளைகள் இரண்டு பேர், 14 வயது எட்வர்டும் 13 நிறையாத ஜார்ஜும், வின்செஸ்டர் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சில நாட்கள் வைத்துக்கொள்ளும் பொறுப்பு சௌதாம்ப்டன் அத்தைக்கு வந்து சேர்ந்தது.

தாயை இழந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத குடும்பம் உண்டா? கட்டிக்கொண்டு அழலாம், உபதேசம் செய்யலாம். ஜேன் அத்தை துக்க உடைக்கு ஏற்பாடு செய்தார். பிறகு அவர்களோடு விளையாட உட்கார்ந்தார். காகிதக் கப்பல்கள், விடுகதைகள், சீட்டு, ஆற்றில் நீர் ஏறி இறங்குவதை வேடிக்கை பார்ப்பது என்று கடிதத்தில் ஒரு ஜாபிதாவே கொடுக்கிறார். ஜார்ஜ் கப்பல் செய்து, அதற்குப் பெயரும் வைத்து, பிறகு கொட்டைகளை எறிந்து அதையே குறிபார்த்து அடிப்பானாம். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் வேதபாடமும் பிரசங்கமும் வாசித்தபோது பிள்ளைகள் சிரத்தையாகத்தான் கேட்டார்கள். முடிந்த மறுகணமே விடுகதைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பிறகு அத்தை 'ஸ்பெகுலேஷன்' என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். துருப்புச் சீட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் விலைபேசி வாங்குவதும் விற்பதும்தான் அதில் விளையாட்டு. அது பிடித்துப்போய், எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் ஆடித் தீர்த்தார்களாம்.

பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காட்மர்ஷம் திரும்பினார்கள். அங்கேதான் 'பிராக்' வந்து சேர்ந்தது. ஸ்பெகுலேஷனைவிட பிராக்தான் உசத்தி என்று பிள்ளைகள் தீர்ப்பளித்துவிட்ட செய்தியை அக்கா எழுதினாள் போலிருக்கிறது. 1809 ஜனவரி 10-ந் தேதிக் கடிதத்தில் ஜேன் பதில் சொல்கிறார். அதில் தமக்கு ஆச்சரியமில்லை, தமக்கும் பிராக்தான் பிடிக்கும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் ஸ்பெகுலேஷன் தம்முடைய ஆதரவில் வளர்ந்த பிள்ளையாயிற்றே, அது தோற்றதில் மனம் புண்பட்டுவிட்டது என்று பொய்யாகக் கோபித்துக்கொள்கிறார்.

பிராக் என்ற சொல்லுக்கே ஜம்பம் அடிப்பது என்று பொருள். ஆளுக்கு மூன்று சீட்டு. ஒரே மதிப்புள்ள இரண்டு சேர்ந்தால் ஜோடி. மூன்று சேர்ந்தால் அமோகம். ஜாக்கியும் ஒன்பதும் எந்தச் சீட்டாக வேண்டுமானாலும் வேஷம் போடலாம். தன் சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஒருவர் பந்தயம் வைப்பார். அடுத்தவர் அதற்குச் சமமாக வைக்க வேண்டும், அல்லது ஏற்ற வேண்டும், அல்லது சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். எல்லோரும் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியவருக்கு முழுத்தொகையும் போகும். அவர் கையைத் திறந்து காட்டவேண்டியதுகூட இல்லை. நம் நாட்டில், முக்கியமாக வடக்கே, தீபாவளி சமயத்தில் ஆடுகிற 'தீன் பத்தி' இதற்கு நெருங்கிய உறவு.

ஆட்ட விதிகளை எழுதிப் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாயில் 1751-லேயே பிராக்குக்கு ஒரு சிறு நூல் போட்டிருக்கிறார். இந்த ஆட்டத்தின் பங்காளிதான் அமெரிக்காவில் பிறந்த போக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸில் தலையெடுத்து, மிஸிஸிப்பி நதியில் நீராவிக் கப்பல் ஏறி ஊர் ஊராகப் பரவியது. அந்தக் கப்பல்களில் ஒரே இரவில் சொத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. ஏமாற்றுச் சீட்டாட்டத்திலேயே பிழைத்துப் பிறகு திருந்திய ஜோனதன் கிரீன் என்பவர், 1843-ல் சூதாட்டத்தின் தந்திரங்களை அம்பலப்படுத்திப் புத்தகமே எழுதினார். ஆக, காட்மர்ஷம் மாளிகையில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததும் மிஸிஸிப்பியில் குடும்பங்களை அழித்ததும் ஒரே வித்தைதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது? பந்தயத்தின் அளவில் இருக்கிறது; எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில் அதைவிட அதிகமாக இருக்கிறது.

பிளஃப் என்றால் வெறும் பொய் என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் ஆட்டக்காரர் அரிச்சந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சீட்டு வந்தால் மட்டும் பந்தயத்தை ஏற்றுவார். அவர் கை காசை நோக்கிப் போன உடனே மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிடுவார்கள். நல்ல சீட்டு வந்தும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. எப்போதாவது பொய்யும் சொல்லக்கூடியவர் என்று பெயர் இருந்தால்தான், அவர் உண்மை சொல்லும்போது யாராவது எதிர்த்து நிற்பார்கள். ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன், பலர் கூடி ஆடும் ஆட்டங்களைப்பற்றி 1928-ல் ஜெர்மன் மொழியில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து வெளியிட்ட பெரிய நூலில் போக்கருக்குத் தனி இடமே கொடுத்தார். பிளஃப்புக்கு இரண்டு நோக்கம் உண்டு என்கிறார்கள் அதில். பலமில்லாதபோது பலம் இருப்பதாக நம்ப வைப்பது ஒன்று. பலம் இருக்கும்போது இல்லையென்று நம்ப வைப்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது தத்துவத்தை எங்கள் பாட்டி கணக்குப் படிக்காமலே கண்டுபிடித்திருந்தாள். கோடை விடுமுறையில் பேரன் பேத்திகள் கூடினால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆட்டம் நடக்கும். சீட்டுக்களைக் கவிழ்த்துப் போட்டு, "மூன்று ராணி" என்று சொல்ல வேண்டும். நம்பாதவர் "பிளஃப்!" என்று கூவித் திறந்து பார்க்கலாம். பொய்யானால் போட்டவர் குவியலை அள்ள வேண்டும். மெய்யானால் கூவியவர் அள்ள வேண்டும். காசு கிடையாது. பாட்டி பொய்ச் சீட்டுப் போடும்போதெல்லாம் வெற்றிலைச் செல்லத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். இந்த ரகசியம் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும். பாட்டிக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் ஆட்டம் முடிகிற தறுவாயில் செல்லம் நகர்ந்தது. நாலு குரல் ஒரே சமயத்தில் "பிளஃப்!" என்றது. திறந்து பார்த்தால் மூன்றும் சாட்சாத் ராணிகள். பாட்டி அன்று சிரித்த சிரிப்பை நான் எந்த நாவலிலும் கொண்டுவர முடியவில்லை.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர், போக்கரில் தேர்ந்த நாலு பேரோடு 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. தன்னோடு தானே ஆடிப் பார்த்து பிளஃப் செய்யவும் அது கற்றுக்கொண்டதாம். கெட்டிக்கார இயந்திரம்தான். ஆனால் அதற்கு நகர்த்த ஒரு வெற்றிலைச் செல்லம் கிடையாது. வீட்டு ஆட்டத்தில் நாம் பார்ப்பது சீட்டையா? அம்மாவின் புருவத்தை, தம்பியின் உதட்டோரத்தை, மாமா வழக்கத்துக்கு விரோதமாக வாய் மூடியிருப்பதைப் பார்க்கிறோம். வருஷக் கணக்காக ஒருவரையொருவர் கவனித்து வந்திருக்கிறோம் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துபோகிறது. ஒருவருக்கொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு வாழும் வீட்டில் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது. முதல் பொய் வெளிப்பட்டதுமே சண்டை வந்துவிடும். பொய் பிடிபட்டால் எல்லோரும் சிரிக்க வேண்டுமானால், அடியில் அசையாத நம்பிக்கை ஒன்று இருக்க வேண்டும்.

துக்க வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பிடித்துப்போனதன் காரணமும் இதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதமாக அவர்கள் முகத்தைப் பார்த்தவர்களெல்லாம் ஒன்றைத்தான் தேடியிருப்பார்கள்: அழுதானா, சாப்பிட்டானா, தேறிவிட்டானா? பிராக் ஆடும்போதும் எல்லோரும் அவர்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் தேடியது ஒரு ஜாக்கியையோ ஒன்பதையோ! துக்கத்தை மறைக்கப் பழகிய முகத்துக்கு, ஒரு சந்தோஷத்தை மறைத்துவைக்க ஒரு மாலை கிடைத்தது. இது சரித்திரம் அல்ல, கதை எழுதுகிறவனின் ஊகம்.

ஆட்டத்தில் மனிதர்களின் குணம் எப்படி வெளிப்படும் என்பதை ஜேன் மறக்கவில்லை. 1814-ல் வெளிவந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் ஸ்பெகுலேஷன் ஆடும் காட்சி ஒன்று வருகிறது. கதாநாயகி ஃபானிக்குத் தன் அண்ணன் வில்லியத்தை ஜெயிக்க மனம் வரவில்லை. பக்கத்திலிருக்கும் ஹென்றி கிராஃபோர்டோ, அவளுக்குப் பேராசையும் கல்மனமும் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிறான். யார் எப்படிப்பட்டவர் என்று ஒரு சீட்டு மேஜையே சொல்லிவிடுகிறது.

காட்மர்ஷத்தில் பிராக்கின் ராஜ்யமும் நீடிக்கவில்லை. அந்த விடுமுறைக்குள்ளேயே இரண்டு ஆட்டங்களையும் ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகள் வேறு ஆட்டங்களுக்குப் போய்விட்டார்கள். ஜனவரி 17-ந் தேதி ஜேன் மறுபடி அக்காவுக்கு எழுதினார். அதில் சில வேடிக்கை வரிகள் இருந்தன. ஒதுக்கப்பட்ட ஸ்பெகுலேஷன், தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட பிராக்கைப் பார்த்துப் புலம்புவதாகப் பாட்டு. இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை, அறிமுகமில்லாத கையெழுத்தில் வந்தது, காட்மர்ஷத்தில் இருக்கும் மருமகன் எட்வர்டிடம் சேர்த்துவிடும்படி தமக்கு உத்தரவு என்று முகத்தைச் சற்றும் மாற்றிக்கொள்ளாமல் எழுதுகிறார் அத்தை.

14 வயதுப் பையனுக்கு அத்தையின் கை தெரியாமலா இருந்திருக்கும்?