ஏர்லிக்–சைமன் பந்தயம்

பெருகும் மக்கள்தொகைக்கு இயற்கை வளம் ஈடுகொடுக்குமா என்ற வாதத்தில் அமெரிக்க உயிரியலாளர் பால் ஏர்லிக்கும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் 1980இல் கட்டிய பந்தயம். பணயம் வெறும் ஆயிரம் டாலர். பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

டெல்லித் தெரு நெரிசலில் தொடங்கும் ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ (1968) நூலில், 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று ஏர்லிக் எழுதியிருந்தார். அந்த அளவுக்குப் பஞ்சம் வரவில்லை; வீரிய ரகக் கோதுமையும் நெல்லும் விளைச்சலைப் பெருக்கின. ஆள் கூடினால் அறிவும் கூடும், தட்டுப்பாடே மாற்றுவழியைத் தேடவைக்கும் என்பது சைமனின் கட்சி.

செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களை ஏர்லிக் தரப்பு தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றிலும் 200 டாலருக்குக் கிடைக்கும் அளவு கணக்கில் கொள்ளப்பட்டது. பத்தாண்டு கழித்து, பணவீக்கம் நீக்கிய விலை ஏறியிருந்தால் சைமனும், இறங்கியிருந்தால் ஏர்லிக்கும் வித்தியாசத்தைத் தர வேண்டும்.

அந்தப் பத்தாண்டில் உலக மக்கள்தொகை 80 கோடிக்கு மேல் கூடியது. பணவீக்கம் நீக்கிப் பார்த்தால் ஐந்து உலோகங்களின் விலையும் சரிந்தது. தொலைபேசியில் செம்புக் கம்பியின் இடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது. வெள்ளீயத்தின் விலையைத் தாங்கிப்பிடித்த பன்னாட்டு ஏற்பாடு 1985இல் நொறுங்கியது. 1990 அக்டோபரில் சைமனுக்கு வந்த தபாலில் உலோக விலைக் கணக்குத் தாளும் 576.07 டாலர் காசோலையும் இருந்தன.

சைமனுக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது: இருபதாம் நூற்றாண்டில் வேறு பல பத்தாண்டுகளைத் தேர்ந்திருந்தால் ஏர்லிக்கே வென்றிருப்பார் என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. ஆனால் பந்தயத்தின் பெரிய ஓட்டை வேறு. உலோகத்துக்குச் சந்தை உண்டு; குறைந்தால் விலை ஏறும், மக்கள் சிக்கனம் பிடிப்பார்கள். காற்றுக்கும் கடலுக்கும் விலைப்பட்டியல் கிடையாது. 1995இல் ஏர்லிக்கும் காலநிலை அறிவியலாளர் ஸ்டீபன் ஷ்னைடரும் வெப்பநிலை, கரியமில வாயு உள்ளிட்ட 15 அளவைகளை வைத்து மறுபந்தயத்துக்கு அழைத்தனர். அவை மனித நலனை நேரடியாக அளப்பவையல்ல என்று சைமன் மறுத்துவிட்டார், 1998இல் காலமானார்.

1960களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைத் தாண்டிய மக்கள்தொகை வளர்ச்சி, இப்போது 1 விழுக்காட்டுக்கும் கீழ். பந்தயம் முடிந்த 1990இல் பத்து லட்சத்துக்குச் சுமார் 354 பங்காக இருந்த கரியமில வாயுவோ 420ஐக் கடந்துவிட்டது.