கண்டியில் கல்விக்கு ஈந்த கைகள்

கண்டி நகரின் நடுவிலுள்ள வாவி இயற்கையாய் அமைந்ததன்று. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1812ஆம் ஆண்டளவில் வயல் நிலத்தை மறித்து அணை கட்டுவித்து அதனை ஆக்கினான். அவ்வணைக்கு மண் சுமந்தோர் கூலி பெற்றிலர். நிலம் வைத்திருந்த குடிகள் அரசனுக்குச் செய்யக் கடமைப்பட்ட ஊழியம் இராஜகாரியம் எனப்பட்டது. குளமும் தெருவும் கோயில் மதிலும் அதனாலேயே எழுந்தன. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோல்புறூக்கின் விசாரணையின் பயனாக 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியமும் நீக்கப்பட்டது. அதன்பின் ஊர்ப் பொதுவுக்கென ஒன்று கட்டவேண்டுமாயின் கட்டளையிடுவார் எவருமிலர். கேட்டு வாங்குதல் ஒன்றே வழியாயிற்று. கண்டி நகரின் பாடசாலைகள் பலவும் அவ்வாறு கேட்டு வாங்கிய பொருளால் எழுந்தவையே.

முதலிற் கேட்கத் தெரிந்தவர்கள் மிஷனரிமார். அவர்களுக்குப் பின்னே கடல் கடந்த சபைகள் இருந்தன. இங்கிலாந்திலே ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தோர் இட்ட காணிக்கை, கண்டியில் ஓட்டுக் கூரையாகவும் வாங்குபலகையாகவும் மாறியது. 1857இல் தொடங்கி இடையில் நின்றுபோன ஒரு பாடசாலை, 1872இல் திரித்துவக் கல்லூரி என்னும் பெயரோடு மீண்டும் எழுந்தது. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1869இல், அரசாங்கம் வித்தியா பகுதியை நிறுவித் தனியார் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறையைச் சீராக்கியிருந்தது. நன்கொடை எல்லாச் சமயத்தார்க்கும் பொது என்றே விதி கூறிற்று. ஆயின், மாணாக்கர் பரீட்சையிற் காட்டிய தேர்ச்சிக்கு ஏற்பவே பணம் அளக்கப்பட்டது. பரீட்சைக்கு மாணாக்கரை நிறுத்துமுன் கட்டடம் வேண்டும். ஆசிரியர்க்குச் சம்பளம் வேண்டும். அந்த முதற்செலவை ஏற்க ஆள் இல்லாதவனுக்கு விதியின் சமத்துவம் ஏட்டளவிலேயே நின்றது. பௌத்தரும் சைவரும் முஸ்லிம்களும் இந்த வாசலிலே நெடுங்காலம் காத்து நின்றனர்.

1880ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி, ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் என்னும் அமெரிக்கர் காலித் துறைமுகத்தில் இறங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்திற் கேணல் பதவி வகித்தவர், வழக்கறிஞர், 1875இல் நியூயோர்க் நகரிலே பிரம்மஞான சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவரும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் காலியிலே பஞ்சசீலம் ஏற்றனர். அடுத்த மாதம் கண்டிக்கு வந்த அவர்களுக்குத் தலதா மாளிகையிலே புனித தந்தத்தைக் காணும் பேறும் வாய்த்தது. கொழும்பிலும் கண்டியிலும் வேறு ஊர்களிலும் பௌத்த பிரம்மஞான சங்கத்தின் கிளைகள் தோன்றின.

மறு ஆண்டு அவர் மீண்டு வந்தபோது கையிலே ஒரு திட்டம் இருந்தது. பௌத்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் வேண்டும். அதற்கு ஒரு நிதி வேண்டும். அந்நிதியைக் கிராமம் கிராமமாகச் சென்று திரட்ட வேண்டும். இதற்கென அவர் தாமே திட்டமிட்டு ஒரு மாட்டுவண்டி செய்வித்தார். இரண்டு சக்கரம், வில் பூட்டியது, மேலே கித்தான் கூரை. நால்வர் அதிலே படுத்துறங்கலாம். பக்கங்களிலும் தளத்தின் கீழும் பெட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் உணவுப் பொருளும் கறிச்சரக்கும் ஒரு சிறு நூலகமும் அடங்கின. அச்சுக்கு மேலேயிருந்த பலகையில் வண்டிக்காரனின் சமையற் பாத்திரங்கள் இருந்தன. வாரக்கணக்காக அவ்வண்டியே அவருக்கு வீடாயிற்று. மேல்நாட்டுத் துரை ஒருவர் மாட்டுவண்டியில் வந்து, பன்சலையின் முற்றத்திலே நின்று, உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் சமயத்தைக் கற்பிக்கப் பணம் தாருங்கள் என்று கேட்டது அக்காலத்தில் எவ்வளவு புதுமையாய் இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். இவ்வேலைக்குத் துணையாகவே அவர் பௌத்த வினாவிடை நூலை இயற்றினார். அது 1881 யூலையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அச்சுச் செலவை ஏற்றவர் மாத்தறையைச் சேர்ந்த இலங்கக்கோன் அம்மையார். நிதி திரட்டிய வரலாறுகளிற் பெண்களின் பெயர் பெரும்பாலும் பின்வரிசையிலேயே நிற்கும். இங்கே ஒரு பெயராயினும் முன்வரிசையில் நிற்பது குறிக்கத்தக்கது.

1882 ஆகஸ்டு மாதம் காலியிலே நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒல்கொட் தம் நாட்குறிப்பு நூலிலே எழுதியுள்ளார். கோர்னேலிஸ் அப்பு என்பவர் நிதிக்கு அரை ரூபாய் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தொகை சிறிதென்று மன்னிப்பும் கேட்டார். எட்டாண்டுகளாக ஒரு கை முற்றிலும் வழங்காமலும் ஒரு கால் பாதி வழங்காமலும் போனமையால் உழைக்க இயலவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். ஒல்கொட் அந்தக் கையை நீவிவிட்டார். குணம் தெரிந்தது என்பது கதை. செய்தி பரவவே நோயாளிகள் திரண்டனர். அது வைத்தியமோ நம்பிக்கையோ என்பது வேறு விசாரணை. நிதி வரலாற்றுக்கு வேண்டுவது அந்த அரை ரூபாயே. உழைக்க முடியாதவர் ஒருவர் கொடுத்த அரை ரூபாய், பணம் கொடுத்தோர் பட்டியலில் எந்தச் சீமானுடைய நூறு ரூபாய்க்கும் கீழே எழுதப்பட வேண்டியதன்று.

ஆயினும், நிதிப்பணி முழுவதும் மங்களமாய் முடிந்ததெனக் கூறுதல் உண்மைக்கு மாறாகும். கூட்டத்திலே கையொப்பமிட்டு வாக்களித்த தொகைக்கும் பின்னர் வந்து சேர்ந்த தொகைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. மேடையில் துரை நிற்கும்போது எழும் உற்சாகம், வண்டி அடுத்த ஊருக்குப் போனபின் தணிந்துவிடும். தருமகர்த்தாக்கள் வீடு வீடாகச் சென்று நினைவூட்ட வேண்டும்; அதற்கு நேரமும் மனமும் எல்லாரிடத்தும் இல்லை. கோயில் திருப்பணிக்கோ வாசிகசாலைக்கோ பணம் சேர்த்து அறிந்தவர்களுக்கு இது புதுச்செய்தியாகாது.

கண்டியிலே இம்முயற்சி பாடசாலையாக உருக்கொண்டது 1887 யூன் 30இல். கண்டி பௌத்த உயர்தரப் பாடசாலை என்ற பெயருடன் பன்னிரண்டு மாணாக்கரைக் கொண்டு அது தொடங்கிற்று. பின்னர் தர்மராஜக் கல்லூரி என விளங்கியது இதுவே. 1890இல் இளைஞர் ஒருவர் அதன் அதிபரானார். பிற்காலத்திலே அரசாங்க சபையின் முதல்வராகவும் சேர் பட்டம் பெற்றவராகவும் நாடறிந்த டி. பி. ஜயதிலகவே அவர். அவர் 1898இற் கொழும்பு ஆனந்தக் கல்லூரிக்குச் சென்றார். 1902 முதல் முப்பது ஆண்டுகள் அதிபராயிருந்தவர் பில்லிமோரியா. இவர் பௌத்தரல்லர்; சிங்களவருமல்லர்; பம்பாயிலிருந்து வந்த பார்சி வகுப்பினர். அமெரிக்கர் ஒருவர் பணம் கேட்க, கிராமத்துச் சிங்களவர் கொடுக்க, பார்சி ஒருவர் நடத்த, கண்டியில் ஒரு பௌத்தப் பாடசாலை வளர்ந்தது. நகர நடுவிலே இடம் போதாமையால், வாவிக்கு மேலேயுள்ள குன்றில் லேக் வியூ என்ற தோட்டம் 1920களில் இவர் காலத்திலேயே பாடசாலைக்கு வாங்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கென மகாமாயா மகளிர் கல்லூரி தோன்ற 1932 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள்!

இதே நகரத்திலே மற்றொரு வகையான கொடைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. பறங்கியர் வகுப்பைச் சேர்ந்த லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்னும் ஆசிரியர், 1891 மே மாதம் பதினொரு மாணாக்கருடன் ஒரு பாடசாலை தொடங்கினார். அது பின்னர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்து கிங்ஸ்வூட் கல்லூரியாயிற்று. அதற்கும் இடம் நெருக்கடியாயிற்று. அப்போது உதவியவர் சேர் ஜோன் ராண்டல்ஸ் என்னும் ஆங்கிலேயர். கண்டி நகர எல்லையிலே குன்றொன்றின்மேல் கட்டடங்கள் எழுந்தன. 1920களின் நடுவிலே கல்லூரி அங்குக் குடிபெயர்ந்தது. அக்குன்றுக்கு ராண்டல்ஸ் குன்று என்பதே பெயர். அரை ரூபாய் கொடுத்தவர் பெயரால் குன்று எதுவும் இல்லை. ஒருவர் கொடுத்தாற் பணி விரைவில் முடியும், கணக்கும் எளிது. பலர் கொடுத்தால் முடிவதற்குக் காலம் செல்லும். கணக்கில் ஓட்டையும் விழும். ஆனால் பாடசாலைக்கு ஒரு கேடு நேரின் எழுந்து வருவோர் தொகை பெரிதாயிருக்கும்.

திரித்துவக் கல்லூரியிற் காணிக்கை வேறு உருக்கொண்டது. 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த பிரேசர், மாணாக்கர் தம் தாய்மொழியைக் கல்லாமல் ஆங்கிலம் மட்டும் கற்றல் தகாது என்று வற்புறுத்தியவர். நகரத்துச் சேரிகளிலே வாழ்வோர் நிலையை மாணாக்கரே சென்று காணச் செய்தவர். அவர் காலத்து எண்ணமாகிய கல்லூரிக் கோயில், கண்டி அரசரின் கொலுமண்டபத்தைப் போலச் சுவரின்றித் தூண்களால் நிற்பது. அருப்பொலையிலிருந்து கல்லெடுத்துச் செதுக்கித் தூண்கள் ஆக்கினர். ஆசிரியரான காஸ்டர் அதற்கு வரைபடம் வகுத்தார். அது அபிஷேகம் பெற்றது 1935இல். பிரேசர் அதற்கு முன்பே ஆபிரிக்காவுக்குச் சென்றுவிட்டார். பொருள் வரவர வேலை நடக்கும், நின்றால் நிற்கும்.

பிரம்மஞான சங்கத்தின் கிளையொன்று ஜெர்மனியிலும் இருந்தது. 1902 முதல் அதன் செயலாளராயிருந்த ருடோல்ப் ஸ்டைனர், 1913ஆம் ஆண்டளவிற் சங்கத்தினின்று பிரிந்து தம் வழியே சென்றார். முதல் உலகப் போர் முடிந்தபின், ஸ்டுட்கார்ட் நகரத்து வால்டோர்ப் அஸ்டோரியா சிகரெட் ஆலையின் அதிபர் எமில் மோல்ட், தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை அமைத்துத் தருமாறு ஸ்டைனரைக் கேட்டார். 1919 செப்டெம்பர் 7இல் அது 256 பிள்ளைகளுடன் திறக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலார் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள். ஆலையின் இலாபமே அதன் முதற்பொருள். பல நாட்டு மக்களும் சிறுதொகை செலுத்தித் தாங்கும் உலகப் பாடசாலைச் சங்கம் ஒன்று வேண்டும் என்று ஸ்டைனர் பலமுறை கேட்டும், அது கைகூடவில்லை. 1929இல் ஆலையே இல்லாதொழிந்தது. பெற்றோரும் நண்பரும் சேர்ந்த சங்கத்தின் தோள்மீது பாடசாலை நின்றது. 1938இல் நாசி அரசு அதனை மூடிற்று. போர் முடிந்ததும் 1945இல் மீண்டும் திறக்கப்பட்டது. வால்டோர்ப் என்ற ஆலைப் பெயர், ஆலை அழிந்தபின்னும் உலகெங்கும் பரந்த பாடசாலைகளுக்கு வழங்கலாயிற்று. கண்டியிலே பன்னிரண்டு பேருடன் தொடங்கிய பாடசாலையும் ஸ்டுட்கார்ட்டிலே 256 பேருடன் தொடங்கிய பாடசாலையும், சங்க வழியால் ஒருவகையிற் சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள் எனலாம்.

தமிழ் மக்களுக்கு இக்கதையில் வியப்பு அதிகம் இராது. ஒல்கொட் காலியில் இறங்குதற்கு ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு முன், 1879 டிசெம்பரில், யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் இறைவனடி சேர்ந்தார். அவர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது 1848இல்; சிதம்பரத்திலே வித்தியாசாலை கண்டது 1864இல். பாலபாடமும் சைவ வினாவிடையும் எழுதி, அச்சுக்கூடம் வைத்து, பொருளுக்காக ஊரூராய் அலைந்தார். அடுப்பில் உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியைப் பானையில் ஒதுக்கி, பொதுக் கருமத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகள் நன்கறிந்தது. காசு கேட்டால் தயங்கும் வீடும் பிடியரிசிக்குத் தயங்குவதில்லை. வீட்டுத் தலைவனைக் கேளாமலே பெண்கள் கொடுக்கக்கூடியது அது ஒன்றே.

அதே காலத்திற் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்துக்கொண்டிருந்தனர். இலங்கையின் வருவாய்க்குப் பெருந்தூணாய் நின்ற அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்க, வண்டியேறி வந்தவர் எவருமிலர். 1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. பல தோட்டங்களில் அது ஒரே அறையும் ஒரே ஆசிரியருமாக முடிந்தது. வாரந்தோறும் கடையில் கடன் கழித்தபின் மிஞ்சுவது சில சதமே ஆகிய இடத்தில், சந்தா கேட்பது எங்ஙனம்? நகரத்துப் பாடசாலைகளின் நிதிக் கதைகளைப் பெருமையோடு சொல்லுங்கால், இந்த மலைச்சரிவையும் ஒருமுறை நோக்குதல் நீதி.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், நன்கொடை பெற்று வந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. தர்மராஜவும் கிங்ஸ்வூட்டும் மகாமாயாவும் அரசாங்கப் பாடசாலைகளாயின. திரித்துவம் தனியார் பாடசாலையாகவே நின்றது. ஆசிரியர் சம்பளத்துக்காக வண்டி பூட்டும் தேவை அன்றோடு ஒழிந்தது. ஆயின், கூரை ஒழுகினாலும் விளையாட்டு மைதானத்துக்கு மண் வேண்டினாலும் பழைய மாணவர் சங்கங்களே முதலில் கூடின. பரிசளிப்பு விழா மலரின் கடைசிப் பக்கங்களிலே கொடுத்தோர் பெயரும் தொகையும் வரிசையாய் அச்சாயின. வாக்களித்துக் கொடாதவர் பெயரை எந்த மலரும் அச்சிட்டதில்லை.