வேள்வித் தீயின் அருகே ஓர் இடம்

தாராசுரம் கோயிலுக்கு வருகிறவர்கள் தேர்ச் சக்கரத்தையும் குதிரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கருவறையின் புறச்சுவரில், அடிமட்டத்தில், அறுபத்துமூவர் கதைகளைச் சொல்லும் சிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும். கோயிலைக் கட்டியவன் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராசராசன். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது அவனுக்கு முந்திய இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் என்பார்கள். ஏட்டில் எழுதிய மை காய்வதற்குள் கதை கல்லில் ஏறிவிட்டது.

அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருநீலநக்கர் கதை நினைவுக்கு வரும். சாத்தமங்கையில் வாழ்ந்த வேதியர் அவர். ஞானசம்பந்தர் அவர் வீட்டுக்கு வருகிறார்; கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியும். பாணர் பாட்டுப் பாடிப் பிழைக்கிற குலம். அக்காலக் கணக்கில் தாழ்ந்த குலம். "இவர்களுக்கு ஓர் இடம் கொடும்" என்கிறார் சம்பந்தர். நீலநக்கர் வீட்டின் நடுவிலே, வேள்வித் தீயின் அருகிலேயே இடம் கொடுக்கிறார். தீ அணையவில்லை, முன்னைவிட நன்றாகச் சுழன்று எரிந்தது என்கிறது புராணம்.

இனி என் கதை ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம். பபூன் வேஷக்காரர் முடிவெட்டும் தொழிலாளியைப் பற்றி ஒரு கேலி சொன்னார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எங்கள் தெருவுக்கு முடிவெட்ட வருபவரின் மகன். என் வகுப்புத் தோழன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

மறுநாள் பஞ்சாயத்து. பபூனுக்குக் கூலி கிடையாது, இனி இந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. நியாயம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு எல்லோரும் வீடு போனார்கள். அடுத்த வாரம் அந்தப் பையனின் தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போலக் கொல்லைப்புற வழியாகத்தான் வந்தார்.

கூத்தாடியின் வாயை அடைத்தால் ஊரின் மனம் திருந்துமா? இந்தக் கேள்வி இப்போது உலகம் முழுவதும் கேட்கப்படுகிறது. 2018 மே மாதம் அமெரிக்க நகைச்சுவை நடிகை ரோசன் பார் ட்விட்டரில் ஓர் இனவெறிப் பதிவு எழுதினார். அன்றைக்கே ஏபிசி நிறுவனம் அவருடைய தொடரை நிறுத்தியது. சில மாதங்களில் அதே குடும்பக் கதை, அவர் இல்லாமல், வேறு பெயரில் தொடர்ந்தது. நம் ஊரிலும் உண்டு. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் பேஸ்புக்கில் பகிர்ந்ததற்காக நடிகர் எஸ்.வி. சேகருக்கு 2024இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2021இல் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கலைஞர்களைச் சினிமாவிலிருந்தே துரத்தவேண்டும் என்று வீடியோவில் பேசிய மீரா மிதுன் கைதானார்.

இவையெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. உன் குலத்தைத் துரத்தவேண்டும் என்கிற ஒருவரோடு நீ சேர்ந்து வேலை செய் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அடிபட்டவனுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். இதை இங்கே பேசக் கூடாது என்ற ஒரு வரம்பும் வேண்டும். என் தோழன் எழுந்து போன பிறகும் பபூனுக்கு ஊரார் மாலை போட்டிருந்தால் அது எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும்!

ஆனால் வாயடைப்பதன் வரலாறு சற்று விசித்திரமானது. 1876இல் வெள்ளைக்காரன் நாடகங்களைத் தடுக்கச் சட்டம் செய்தான். நாடக மேடையில் தேசியப் பாட்டுப் பாடிய விஸ்வநாத தாஸை அவன் அரசாங்கம் பலமுறை பிடித்துச் சிறையில் போட்டது. பாட்டு நின்றதா? இன்னும் பரவிற்று. 1954இல் சென்னை மாகாணம் செய்த நாடகச் சட்டம் எம்.ஆர். ராதாவைக் குறிவைத்தது என்று பேசினார்கள். ராதாவின் பேச்சும் நிற்கவில்லை. நல்ல கருத்தோ கெட்ட கருத்தோ, ஏற்கெனவே ஜனங்களின் நெஞ்சில் இருக்கிறதைத்தான் கூத்தாடி வாங்கித் திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்தவனை விரட்டினால் சரக்கு நம்மிடமே தங்கிவிடுகிறது.

விஸ்வநாத தாஸ் கதையில் இன்னொரு பாதி உண்டு. அவர் மருத்துவர் குலத்தில், முடிவெட்டும் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தேசமே கொண்டாடிய அந்த நடிகரோடு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் ஜாதி காரணமாக மறுத்தார்கள். கே.பி. ஜானகியம்மாள் முன்வந்து நடித்தார். மறுத்தவர்களை யாரும் மேடையைவிட்டு விரட்டியதால் வழக்கம் மாறவில்லை. ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதால் மாறத் தொடங்கிற்று. நாகஸ்வரக்காரர்கள் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டி, நின்றபடி வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பட்டுச் சட்டை போட்டு மேடையில் உட்கார்ந்து வாசித்தார். நாதத்தைக் கேட்க வந்த பெரிய மனிதர்கள் அவரை உட்கார்ந்த கோலத்திலேயே பார்க்கப் பழகினார்கள்.

ஒருவனை விலக்குவதற்கு ஐந்து நிமிஷம் போதும். அதற்குச் செலவும் இல்லை; விலக்கியவர்களுக்குச் சொந்தமாக எந்த நஷ்டமும் இல்லை. அதனால்தான் எங்கள் பஞ்சாயத்து அதை அத்தனை சுலபமாகச் செய்தது. ஒருவனுக்கு நடுவீட்டில் இடம் கொடுப்பதுதான் கஷ்டம். நீலநக்கரை அறுபத்துமூவர் வரிசையில் எண்ணியதற்குக் காரணம் அவருடைய சிவபூசை. ஆனால் என் கணக்கில் அந்த ஓர் இரவே போதும்.

அந்தக் கல்லுக்கும் ஏறக்குறைய எண்ணூற்றைம்பது வயதாகிறது. அதைச் சுற்றி வலம் வந்த ஊர்கள்தாம் நாங்கள். பபூனை விரட்டினோம். என் தோழனின் தகப்பனாரை, "வாசல் வழியாக வாருங்கள், உட்காருங்கள்" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வீடு என் வீடு.