பாட்டனார் வீடும் பங்குக் கணக்கும்

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே மல்லசமுத்திரம் என்றொரு பேரூர் உண்டு. அங்கே நம் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு, தந்தையார் மறைந்த நாள்தொட்டுப் பூட்டிக் கிடக்கிறது. அன்னையார் தங்கையின் இல்லத்தில் இருக்கிறார்கள். ஓடுகள் சரிந்து வருகின்றன. கிணற்றடியில் புல் மண்டிவிட்டது. விசைத்தறிக் கொட்டகை போட இடம் தேடும் ஒருவர் நல்ல விலை பேசுகிறார். விற்றுவிடலாம் என்பது அண்ணனின் கருத்து. மதரஸாப் பணியினின்று ஓய்வு பெறும் காலம் நெருங்குவதால், பழுது பார்த்துக் குடியேறலாம் என்பது நம் ஆசை.

சென்ற பெருநாளன்று இதுபற்றி நெடுநேரம் வாதிட்டோம். எல்லாவற்றையும் கேட்டிருந்த அன்னையார் இறுதியில் ஒன்றே ஒன்று வினவினார்கள்: "ஏம்ப்பா, உங்க குப்பியோட பங்கை யாரு கொடுத்தது?"

எவரிடமும் விடை இல்லை. குப்பி நம் தந்தையாரின் ஒரே சகோதரி. பாட்டனார் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே இறந்தார். அந்த வினாதான் நம்மைப் பழைய ஏடுகளின்பால் திருப்பியது.

பூட்டிய வீட்டின் கதை இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே வருகிறது. ஹிஜ்ரத்தின்போது ஜஹ்ஷ் குடும்பத்தார் அனைவரும் மதீனா சென்றுவிட, மக்காவில் அவர்களுடைய வீடு ஆளின்றிக் கிடந்தது. அதனை அபூஸுஃப்யான் விற்றுவிட்டார் என இப்னு ஹிஷாமின் வரலாற்று நூல் கூறுகிறது. ஹிஜ்ரீ 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் வினவியபோது, அகீல் நமக்கு வீடு ஏதேனும் விட்டுவைத்தாரா என்ற கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள். அபூதாலிபின் சொத்துக்கு அகீலும் தாலிபுமே வாரிசாயினர். அலீ (ரலி), ஜஅஃபர் (ரலி) ஆகிய இருவரும் முஸ்லிம்களாகிவிட்டமையால் வாரிசாகவில்லை. அன்று இஸ்லாத்தை ஏற்றிராத அகீல், வீடுகளை விற்றுவிட்டிருந்தார்.

நகரமே கைக்குள் வந்த நாளில், பிறந்து வளர்ந்த ஊரின் வீட்டைத் திரும்பப் பெறுவது கடினமன்று. ஆயினும் பெருமானார் அவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள். ஜஹ்ஷ் குடும்பத்து அபூ அஹ்மத் (ரலி) தம் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோதும், இறைவழியில் இழந்ததை மீட்கச் செல்வதை நபியவர்கள் விரும்பவில்லை என்றே அவருக்குக் கூறப்பட்டது. வீட்டின்மேல் உள்ள பற்று வேறு, வீட்டின்மேல் உள்ள உரிமை வேறு என்பதை இந்நிகழ்ச்சிகள் நமக்குப் புலப்படுத்துகின்றன. பிறந்த மண் என்ற பற்று நமக்கும் உண்டு. அதனை உரிமை என மயங்குவதுதான் பிழை.

இனி, விற்பது என்றே முடிவானால் யாருக்கு விற்பது? இதற்கும் முன்மாதிரி உண்டு. அபூராஃபிஃ (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மனைக்குள் தமக்கிருந்த இரண்டு அறைகளை அவரிடமே விற்க முன்வந்தார்கள். ஸஅத் தவணை முறையில் 4000 தருவதாகச் சொன்னார்கள். வேறிடத்தில் 500 தீனார் கேட்கப்பட்டிருந்தும், அண்டையிலிருப்பவருக்கே முன்னுரிமை என்னும் நபிமொழியைக் கருதி அபூராஃபிஃ குறைந்த தொகைக்கே தந்துவிட்டார்கள். இதனை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். இவ்வுரிமையையே ஃபிக்ஹு நூல்கள் 'ஷுஃப்ஆ' என்கின்றன. ஹனஃபீ மத்ஹபில் கூட்டுப் பங்காளி, பாதை போன்ற வசதிகளில் பங்குள்ளவர், அடுத்த வீட்டுக்காரர் என மூவருக்கும் இந்த வரிசையில் அது உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கு மட்டுமே உண்டு.

இச்சட்டங்கள் நம் வட்டாரத்தில் என்ன ஆயின? 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்த சேலம் சீமை கும்பினியாரின் கைக்கு மாறியது. அதே 1792இல் கல்கத்தாவில், வாரிசுரிமை பற்றிய 'ஸிராஜிய்யா' என்னும் அரபு நூலை சர் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டார். நாம் மதரஸாவில் ஓதிய அதே ஸிராஜிய்யாதான்! முஸ்லிம்களின் வாரிசு வழக்குகளைத் தீர்ப்பதற்கு ஆங்கிலேய நீதிபதிகளுக்கு அது தேவைப்பட்டது.

வாரிசுரிமையை இவ்வாறு ஏற்ற நீதிமன்றங்கள் ஷுஃப்ஆவை எங்கும் ஒன்றுபோல் ஏற்கவில்லை. வட இந்தியாவின் பல பகுதிகளில் அது வழக்காறாகவும் சட்டமாகவும் நிலைத்தது. சென்னை உயர்நீதிமன்றமோ, சொத்தை விருப்பம்போல் விற்கும் சுதந்திரத்துக்கு அது தடையாகிறது எனக் கருதி, இம்மாகாண முஸ்லிம்களுக்கு அது சட்டமாகாது என்று 1870இல் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று மல்லசமுத்திரத்தில் ஒருவர் தம் பங்கைப் பங்காளியைக் கேளாமல் அயலாருக்கு விற்றால், ஷுஃப்ஆவைக் காட்டி நீதிமன்றத்தில் தடுக்க இயலாது. மனச்சான்றுதான் தடுக்க வேண்டும்.

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், மற்றவர்களோடு அவ்வீட்டில் கூடிக் குடியிருக்க உரிமையில்லை என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் கூறுகிறது. அவ்வாறு வாங்கியவர் பாகப்பிரிவினை கோரி வழக்கிட்டால், குடும்பத்துப் பங்காளி உரிய மதிப்பைக் கொடுத்து அப்பங்கைத் தாமே பெற்றுக்கொள்ளலாம் என்று 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழிசெய்கிறது. இவை முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தும். ஷுஃப்ஆவின் நோக்கத்தில் ஒரு சிறு கூறு வேறு வாயிலாக உள்ளே வந்தது எனலாம்.

ஆனால் பெண் மக்களின் பங்கு? அங்கேதான் வழக்கம் சட்டத்தை விழுங்கிற்று. காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மணமகன் அங்கே வந்து வாழ்வது வழக்கம். நம் உள்நாட்டுச் சமவெளியிலோ பெண் கணவன் வீடு செல்கிறாள். வீடு ஆணிடம் நிற்கிறது. 'சீர் செய்தோம், நகை போட்டோம்' என்ற சொல்லோடு அவள் கணக்கு முடிக்கப்படுகிறது. சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் பங்குண்டு எனத் திருமறை வரையறுத்துவிட்ட பின்னர், சீரைக் காட்டி அதனைக் கழிக்க எவருக்கும் அதிகாரமில்லை. வழக்காறு ஷரீஅத்தை மீறி நிற்பதைத் தடுக்கவே 1937இல் ஷரீஅத் சட்டம் இயற்றப்பட்டது. அதில் விலக்கப்பட்டிருந்த விவசாய நிலத்தையும் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து சேர்த்துக்கொண்டது. சட்டம் வந்தது, பல வீடுகளில் கணக்கு வரவில்லை.

அன்றிரவு நாம் தாளும் பென்சிலும் எடுத்து அமர்ந்தோம். ஒருவர் சொத்துப் பிரிக்கப்படுமுன் அவர் வாரிசும் இறந்துவிட்டால், இரு கணக்குகளையும் இணைப்பதற்கு 'முனாஸகா' என்று பெயர். மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்த பாடம் அது. நம் வீட்டுக்கு ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

பாட்டனார் மறைந்தபோது பாட்டியார் உயிருடன் இல்லை. வாரிசுகள் மகன் ஒருவர், மகள் ஒருவர். வீட்டை 72 பங்காக்கினால் தந்தையாருக்கு 48, குப்பிக்கு 24. தந்தையாரின் 48இல் மனைவிக்கு எட்டில் ஒன்று, அன்னையாருக்கு 6. எஞ்சிய 42இல் ஆண்மக்கள் இருவருக்கும் தலா 14, பெண்மக்கள் இருவருக்கும் தலா 7. கூட்டிப் பாருங்கள்: 24, 6, 14, 14, 7, 7, மொத்தம் 72.

நாம் குடியேற விரும்பிய வீட்டில் நமக்குரியவை 14 பங்குகளே. ஐந்தில் ஒன்றுகூட நிறையவில்லை. எஞ்சிய 58 பங்கும் பிறருடையவை. அவற்றுள் மிகப் பெரியது, இதுவரை எவரும் பேசாத குப்பியின் பங்கு. பட்டா தந்தையார் பெயரில் இருக்கிறது, வீட்டுவரியும் அவர் பெயரில்தான் கட்டப்பட்டது என்று அண்ணன் சொன்னார். பட்டாவும் வரி ரசீதும் உடன்பிறந்தாளின் உரிமையை அழிப்பதில்லை. தந்தையார் வேண்டுமென்றே செய்தார் என்று நாம் நினைக்கவில்லை. குப்பி கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை. கேளாமை விட்டுக்கொடுத்தது ஆகாது என்பதை அண்ணனும் ஒப்புக்கொண்டார்.

மறுவாரம் ஈரோட்டில் இருக்கும் குப்பியின் மக்களைக் காணச் சென்றோம். கணக்குத் தாளை அவர்கள் முன் வைத்தோம். குப்பியின் மகன் பணமாகத் தந்தால் போதும் என்றார். கணவரை இழந்து வாடகை வீட்டில் வாழும் மகள் தாளை நெடுநேரம் பார்த்தார். பின்னர், "மச்சான், நான் அங்கே வந்து குடியிருக்கலாமா? அம்மா பொறந்த வீடு அது" என்று கேட்டார்.

விற்பதா, குடியேறுவதா என்று நாம் இருவர் வாதிட்ட நாளெல்லாம், குடியேற வேண்டியவர் வேறொருவர் இருந்தார். நாம் கேட்கவில்லை.

இப்போது பேச்சு நடந்துவருகிறது. மற்றவர் பங்குகளைத் தவணையில் வாங்கிக்கொள்வதாக அவர் சொல்கிறார். தறிக்காரர் தரும் விலையை அவரால் தர இயலாது. அபூராஃபிஃ (ரலி) அவர்கள் விலையைக் குறைத்தது தமக்குரிய இரண்டு அறைகளுக்கு. அதுபோல் நம்மால் குறைக்கக் கூடியதும் நம் 14 பங்கின் விலையை மட்டுமே. அதனைக் குறைத்துவிட்டோம். அன்னையாரும் உடன்பிறந்தோரும் தத்தம் பங்குக்குத் தாமே விடை சொல்லட்டும். அவர்கள் சார்பில் தாராளம் காட்ட நமக்கு உரிமையில்லை.

வீட்டுச் சாவியை மட்டும் குப்பியின் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தோம். ஓடு மாற்ற ஆள் பார்க்க வேண்டும் என்றார்.