ருஃபைதாவின் கூடாரம்

செவிலியர் வரலாறு எழுதுவோர் பலரும் கிரிமியப் போரிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். 1854இல் ஸ்குத்தாரி மருத்துவமனைக்குச் சென்று, இரவுகளில் விளக்கேந்தி நடந்த நைட்டிங்கேல் அம்மையாரின் பெருமையைக் குறைக்க நாம் வரவில்லை. ஆனால் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மதீனப் பள்ளிவாசலில் ஒரு பெண்மணியின் கூடாரம் நின்றதை நாமே மறந்துவிட்டால், பிறரை நொந்து என்ன பயன்?

அவர் பெயர் ருஃபைதா. அஸ்லம் குலத்தவர். காயமுற்றோருக்கு மருந்திட்டு, கவனிப்பாரற்றவர்களுக்கு இறைவனிடம் மட்டுமே கூலியை எதிர்பார்த்துப் பணிவிடை செய்தவர் என்கிறது இப்னு ஹிஷாமின் சீரா. இப்னு ஸஅது தம் தபகாத்தில் இதே பணியைக் குஐபா என்னும் அஸ்லம் குலப் பெண்மணிக்கு உரியதாக்குகிறார். இருவரும் ஒருவரே என்பாரும் உளர். பழைய நூல்கள் தருவது ஏறத்தாழ இவ்வளவே. அவர் செவிலியர் பள்ளி நிறுவினார், ஒழுக்க விதிகள் வகுத்தார் என்றெல்லாம் இக்காலத்தார் சேர்த்து எழுதுவதற்கு அந்நூல்களில் இடமில்லை. அவை தேவையும் இல்லை.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப் போரில், அவ்ஸ் கூட்டத்தின் தலைவர் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பை அம்பு ஒன்று துளைத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கரத்தாலேயே காயத்துக்குச் சூடிட்டார்கள். கை வீங்கிற்று. மீண்டும் சூடிட்டார்கள்.

ஸஅது கவனிப்பாரற்றவரா? தாய் இருந்தார், வீடு இருந்தது, ஒரு கூட்டமே அவர் சொல்லுக்குக் காத்திருந்தது. இருந்தும் அவரை ருஃபைதாவின் கூடாரத்தில் வைக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். அருகிலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பதே காரணம். அவ்வழியே செல்லும் போதெல்லாம், மாலையானால் "மாலைப் பொழுது எப்படி?" என்றும், காலையானால் "காலைப் பொழுது எப்படி?" என்றும் கேட்பார்கள், ஸஅது பதில் சொல்வார். இமாம் புகாரியின் அல்-அதபுல் முஃப்ரத் இதைப் பதிந்து வைத்திருக்கிறது. காயத்தின் நிலையை அறிவதற்கு இக்கேள்வி தேவையில்லை, பார்த்தாலே தெரியும். கிடப்பவர் வாய் திறந்து பேசுவதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி இது.

ஸஅது தம் நிலையை அறிந்தே இருந்தார். குறைஷியருடன் போர் எஞ்சியிருந்தால் தம்மை வாழ வைக்குமாறும், இல்லையேல் இக்காயத்திலேயே மரணத்தை அருளுமாறும் இறைவனிடம் வெளிப்படையாக வேண்டினார். நம் வீடுகளிலோ, ஸகராத்தை நெருங்கியவர் தம் மவுத்தைப் பற்றி ஒரு சொல் பேசத் தொடங்கியதுமே "அப்படியெல்லாம் பேசாதீர்கள் வாப்பா" என்று வாயை அடைத்துவிடுகிறோம். பிறகு யாஸீன் ஓத ஆள் தேடி ஓடுகிறோம்.

இலண்டனில் சிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் அம்மையார் செவிலியாகப் பயின்று, முதுகு நோவினால் அப்பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்தார். வார்ஸாவிலிருந்து வந்த டேவிட் தஸ்மா என்ற யூதர் புற்றுநோயால் மரணத்தை நெருங்கியபோது அருகிலிருந்து அவர் பேசியதைக் கேட்டார். தஸ்மா 1948இல் இறந்தபோது அவரிடம் விட்டுச் சென்ற 500 பவுன், 1967இல் திறக்கப்பட்ட புனித கிறிஸ்டோபர் இல்லத்தின் முதல் நன்கொடையாயிற்று. வலி மீண்டும் தலைதூக்கும் முன்பே மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என அம்மையார் வற்புறுத்தினார். வலியில் துடிப்பவனின் செவியில் கலிமாவும் ஏறுவது கடினம் என்பதைப் படுக்கையருகே அமர்ந்தவர் அறிவர்.

ருஃபைதாவின் கூடாரத்துக்குத் திரும்புவோம். ஓர் இரவு ஸஅதின் காயம் திறந்துகொண்டது. பள்ளிவாசலில் இருந்த கிஃபார் குலத்தாரின் கூடாரம் வரை குருதி வழிந்தது. "கூடாரத்தாரே, உங்கள் பக்கமிருந்து வருவது என்ன?" என்று அவர்கள் குரல் கொடுத்தனர். ஸஅது அக்காயத்தாலேயே வஃபாத்தானார்.

அப்பெண்மணியின் கையில் ஒப்படைக்கப்பட்டவர்களுள் புகழ்மிக்கவர் பிழைக்கவில்லை. ஆயினும் ஹிஜ்ரி 7இல் கைபர் போருக்குக் குஐபா சென்றார் என்றும், ஓர் ஆண் வீரருக்குரிய முழுப் பங்கு அவருக்கு அளிக்கப்பட்டது என்றும் வாகிதீ அறிவிக்கிறார்.