தென்துருவக் கப்பலும் பொதிய மலைக் காந்தவூசியும்

பினாங்கு சூலியா தெருவின் பெயரிலேயே கடல் இருக்கிறது. சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து பாய்மரக் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைச் சூலியர் என்றனர். அவர்கள் இறங்கித் தங்கிய தெரு அது. அக்காலத்து மாலுமிகளுக்கு வழிகாட்டிய கருவிகளுள் ஒன்று காந்தவூசி. அவ்வூசியோ மெய்யான வடக்கை நோக்குவதில்லை. இடத்துக்கு இடம் விலகும். அவ்விலக்கமும் ஆண்டுக்காண்டு மாறும். இதன் கணக்கைக் காண்பதற்கென்றே 1839-இல் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்கள் தென்துருவக் கடலுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ். 1831-இல் வடகாந்த முனையைக் கண்டவர்.

ராஸின் பயணத்தை எழுதுவோர் அவர் கண்ட பனிமதிலையும் எரிமலையையும் வியந்து எழுதுவர். ஆயினும் 1843-இல் அவர் கொண்டு திரும்பிய பெருஞ்செல்வம் எண்களே. அவ்வெண்களுக்குத் தனித்த நிலையில் பொருள் குறைவு. ஊசி ஓரிடத்தில் துடித்தால், அது அவ்விடத்துக் கலக்கமா, உலகனைத்துக்கும் பொதுவானதா? இதை அறிய வேண்டுமாயின் பல நாடுகளில் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஆகவே, ஜெர்மனியின் கேட்டிங்கன் நகர நேரத்தை அளவாகக் கொண்டு, முன்குறித்த நாட்களில் இரவும் பகலும் சில நிமிடங்களுக்கொரு முறை ஊசியைப் பார்த்தெழுத ஏற்பாடாயிற்று. டொராண்டோ, ஹோபார்ட் முதலியவை பிரிட்டிஷ் அரசின் பொறுப்பு. சென்னை, சிம்லா, பம்பாய், சிங்கப்பூர் ஆகியவை கிழக்கிந்தியக் கும்பினியின் பொறுப்பு. 1840 மே மாதம் தென்கடலின் கெர்கலென் தீவில் ராஸின் ஊசிகள் கலங்கிய அதே வேளையில், பூமியின் மறுபுறத்து டொராண்டோவிலும் ஊசிகள் கலங்கின. விடை கிடைத்தது.

சிங்கப்பூரில் 1841 முதல் 1845 வரை இப்பணியை நடத்தியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த எலியட். பின்னர் அவரே மலாய்த் தீவுக்கூட்டத்தின் காந்த அளவையும் எடுத்தார்.

திருவனந்தபுரத்தின் செய்தி இன்னும் சுவையுடையது. திருவிதாங்கூர் மன்னரின் வானாராய்ச்சி நிலையத்தில் கால்டிகாட் 1841-இல் காந்தப் பதிவைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரவுன், உயரத்தால் ஊசியின் அசைவு மாறுமா என்றறிய, 1855-இல் அகத்திய மலையின் மேல், ஆறாயிரம் அடிக்கும் மிகுந்த உயரத்தில், ஒரு நிலையம் அமைத்தார். நம் இலக்கியம் போற்றும் பொதியமே அது! வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்தபோது நிலத்தைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்தார் என்பது புராணம். இரு காந்த முனைகளுக்கும் நடுவே, சாய்வூசி ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும் பகுதியில் அவர் மலை அமைந்தது தற்செயலே. எனினும் எண்ணி மகிழலாம். நாட்டு உதவியாளர்கள் மணிதோறும் பார்த்துக் குறித்த அப்பதிவுகள் 1874-இல் நூலாயின. ஊசியின் வலிமை ஏறத்தாழ 26 நாட்களுக்கொரு முறை ஏறியிறங்குவதையும், அதற்குக் கதிரவனின் சுழற்சியோடு தொடர்புண்டு என்பதையும் பிரவுன் கண்டுரைத்தார். துருவப் பயணத்தின் வரலாற்றில் இப்பதிவுகளுக்கு ஒரு வரியேனும் தருவோர் அரியர். அது முறையன்று.

ராஸின் கப்பல்கள் இரண்டும் 1845-இல் ஃபிராங்க்ளின் தலைமையில் வடதுருவக் கடலுக்குச் சென்றன. காந்த அளவை அவற்றுக்கும் இட்ட பணிகளுள் ஒன்று. சென்றவருள் ஒருவரும் மீளவில்லை. எரிபஸ் 2014-இலும் டெரர் 2016-இலும் கடலடியில் காணப்பட்டன. அதே 1845 வரை சிங்கப்பூரில் எழுதிய எண்களோ சென்னையில் அச்சேறி நூலாய் நிலைத்தன.